நான்கு சிறுமிகளும் இரண்டு ஜாடிகளும்

பாட்டைக் கேட்பதற்கு நமக்குச் சிறு வயதிலேயே ஏதோ ஒரு பயிற்சி கிடைத்துவிடுகிறது. நம் சங்கத்தில் கச்சேரி நடந்தால், முறையாகச் சங்கீதம் கற்காதவர்கள்கூடத் தொடையில் தாளம் போடுவதைப் பார்க்கலாம். ஓவியத்துக்கு அப்படி ஒரு பழக்கம் நம் வீடுகளில் இல்லை. கண்காட்சிக்குப் போனால் படத்தின் கீழே ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கிறோம், "நன்றாக இருக்கிறது" என்கிறோம், அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம். படம் நம் நாட்டில் வரையப்பட்டதன்று. 1882-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், அங்கே குடியிருந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வீட்டுக்குள் வரையப்பட்டது. வரைந்தவர் ஜான் சிங்கர் சார்ஜென்ட். படத்தின் பெயர் ‘எட்வர்ட் டார்லி பாய்ட்டின் மகள்கள்’. இப்போது அமெரிக்காவில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எத்தனையோ புகழ்பெற்ற படங்கள் இருக்க, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் இதை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இது சொந்த ஊரை விட்டு வந்த குடும்பத்தின் பிள்ளைகளை வரைந்த படம். வரைந்தவரும் அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைதான். அந்தக் கண் இந்தப் படத்தில் எங்கே தெரிகிறது என்று பார்ப்பதுதான் இன்றைய பாடம்.

படத்துக்குள் போவோம்

படம் ஏறக்குறையச் சதுரமானது. உயரமும் அகலமும் சுமார் 222 சென்டிமீட்டர், அதாவது 7 அடிக்குச் சற்று மேல். அச்சில் உள்ளங்கை அளவில் பார்க்கும்போது இது தெரியாது. பாஸ்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நேரில் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை நிஜக் குழந்தை அளவில் இருக்கிறது. படத்தின் தரை நம் காலடியிலிருந்து தொடங்குவதுபோல இருப்பதால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமா என்று ஒரு கணம் தோன்றும்.

இடம், வீட்டின் முன்கூடம். விருந்தினரை உட்கார வைக்கும் அறையன்று, எல்லாரும் கடந்து போகிற இடம். நம் ஊர்ப் பழைய வீட்டில் ரேழி என்போமே, ஏறக்குறைய அந்த மாதிரி. இடப்பக்கத்திலிருந்து பகல் வெளிச்சம் வருகிறது. தரையில் ஒரு கம்பளம். வலப்பக்க ஓரத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு மடக்குத்திரை. பின்னால் ஓர் அகன்ற வாசல், அதற்கு அப்பால் இருட்டான இன்னோர் அறை. வாசலை ஒட்டி ஆளுயரத்துக்கு இரண்டு பெரிய பீங்கான் ஜாடிகள், வெள்ளையில் நீல வேலைப்பாடு. நாற்காலி இல்லை, மேஜை இல்லை, சுவரில் மாட்டிய படம் எதுவும் கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் நான்கு சிறுமிகள். கம்பளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவள் கடைக்குட்டி ஜூலியா, வயது 4. கால்களுக்கு நடுவே ஒரு பொம்மை. இடப்பக்கம், படத்தின் விளிம்புக்கு மிக அருகில் தனியாக நிற்பவள் மேரி லூயிசா, வயது 8. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறாள். செம்மை நிறக் கவுன், அதன்மேல் அழுக்குப் படாமலிருக்க அணிகிற வெள்ளை மேலாடை. பின்னால், வாசலில், பாதி இருட்டில் இருவர். 12 வயது ஜேன் நம்மை நோக்கி நிற்கிறாள். அவளை ஒட்டி 14 வயது ஃபிளாரன்ஸ் ஒரு ஜாடியின்மேல் முதுகைச் சாய்த்து, பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாள். அவள் முகம் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். இது உருவப்படம். அந்தக் காலத்தில் வசதியுள்ள குடும்பங்கள் ஓவியரைக் கொண்டு படம் எழுதிக்கொண்டது, முகம் நிலைக்க வேண்டும் என்பதற்காக. நம் வீட்டில் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த பழைய குரூப் போட்டோவை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் நாற்காலியில், பிள்ளைகள் உயர வரிசைப்படி, யார் முகமும் மறையாமல், எல்லார் கண்ணும் கேமராவைப் பார்த்து. சார்ஜென்ட்டின் படத்தில் மூத்த மகளின் முகமே இருட்டில் போய்விட்டது. நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை போடவில்லை. யாரும் சிரிக்கவில்லை, அதற்காக அழுமூஞ்சியும் இல்லை. யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார்கள், விளையாட்டு நின்றிருக்கிறது, வந்தவர் யார் என்று மூன்று ஜோடிக் கண்கள் பார்க்கின்றன. அந்த வந்தவர் நாம்தான்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். நன்றாக வெளிச்சம் விழுவது கடைக்குட்டியின் மேலும் மூன்றாமவள் மேலும்தான். மூத்தவர்கள் இருவரும் நிழலில். குழந்தைப் பருவத்திலிருந்து விலகிப் போகிற வயது அவர்களுக்கு. வயது ஏற ஏறப் பிள்ளைகள் நம் பார்வைக்கு எட்டாத ஓர் அறைக்குள் போவதைத்தான் ஓவியர் இப்படிக் காட்டினார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பெண் வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூப்பிட்டால் "ம்" என்று ஒரு குரல் வரும், முகம் வராது.

பெற்றோர் எங்கே?

இந்தப் படத்துக்கு ஒரு மூதாதை உண்டு. ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’. மத்ரித் நகரில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சார்ஜென்ட் 1879-இல் அங்கே போய், அந்தப் படத்தின் முன் நின்று, பார்த்துப் பார்த்து நகல் எழுதிப் பழகியிருக்கிறார். அரண்மனைக்குள் உயரமான ஓர் இருண்ட அறை, அதில் சிறுமியான இளவரசி மார்கரீட்டா, சுற்றிலும் பணிப்பெண்கள், பின்சுவரில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் அரசனும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள். அதாவது, பெற்றோர் குழந்தையின் எதிரே இருக்கிறார்கள் என்பது குறிப்பு.

சார்ஜென்ட்டின் படத்திலும் இருட்டின் ஆழத்தில் ஒரு கண்ணாடி உண்டு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அதில் அப்பா இல்லை, அம்மா இல்லை. எங்கோ இருக்கிற ஒரு ஜன்னலின் வெளிச்சம் மட்டும் மினுங்குகிறது. முன்னோர் வைத்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு, அதிலிருந்த பெற்றோரை எடுத்துவிட்டார். தெரிந்தே செய்த காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பெரிய படத்தை நகல் எடுத்துப் பழகியவருக்கு இது கைதவறி நேர்ந்திருக்காது.

2010-ஆம் ஆண்டு பாஸ்டன் அருங்காட்சியகம் இந்தப் படத்தைப் பிராடோவுக்கு இரவலாக அனுப்பியது. இரண்டு படங்களும் அங்கே அருகருகே வைக்கப்பட்டன. சார்ஜென்ட் பார்த்து எழுதிய படமும், அதன் தாக்கத்தில் பிறந்த படமும் 128 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே இடத்தில்!

யார் இந்தக் குடும்பம்?

எட்வர்ட் பாய்ட் 1840-இல் பிறந்தவர், பாஸ்டன்காரர். ஹார்வர்டில் படித்து வழக்கறிஞர் ஆனவர், ஓவியத்தில் ஆசை கொண்டு தொழிலை விட்டார். 1871-இல் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்கு வந்துவிட்டார். தொழிலை விட்டால் சாப்பாட்டுக்கு வழி என்ன என்று நாம் கேட்போம். மனைவி மேரி லூயிசா கஷிங் பெரும் செல்வர் வீட்டுப் பெண். அவருடைய தந்தை ஜான் பெர்கின்ஸ் கஷிங், சீனாவின் கான்டன் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி வணிகம் செய்தவர். தேயிலை, பட்டு, பீங்கான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த வணிகத்தில் அபினும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழகான வீட்டுக்குள் நுழையும்போது வீடு கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதும் ஓவியம் பார்ப்பதில் ஒரு பகுதிதான்.

பாஸ்டன், ரோம், பாரிஸ் என்று அவர்கள் ஊர் மாறிக்கொண்டே இருந்தார்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டுவது அவர்களுக்குப் பழகிப் போயிற்று. போகிற இடமெல்லாம் கூடவே போனவை, அந்த இரண்டு ஜாடிகள்.

ஜாடிகள் ஜப்பானில் அரிட்டா என்ற ஊரில் செய்யப்பட்டவை. ஏறத்தாழ 6 அடி உயரம். அதாவது ஜப்பானியப் பீங்கான், சீன வணிகத்துப் பணம், அமெரிக்கக் குடும்பம், பிரெஞ்சு வீடு. அந்த வீட்டுக்குள் இந்த ஜாடிகளுக்குச் சொந்த ஊர் எது? அதன்மேல் சாய்ந்து நிற்கிற பெண்ணுக்குச் சொந்த ஊர் எது? உடையக்கூடிய 6 அடிப் பீங்கானைக் கடல் தாண்டித் தாண்டித் தூக்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனமா என்று கேட்கத் தோன்றும். மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் குத்துவிளக்கையும் வெண்கலப் பானையையும் பழம்புடவையில் சுற்றி, ரயில்வே பார்சலில் ஏற்றி இறக்கிய நாம் அதைக் கேட்கலாமா? புது குவார்ட்டர்ஸில் மற்றவை எல்லாம் மூட்டையில் இருக்கும்போதே விளக்கு மட்டும் வெளியே வந்துவிடும். அது நின்ற இடம்தான் வீடு.

இந்த ஜாடிகளுக்கு ஒரு பின்கதை உண்டு. பாய்ட் குடும்பத்தின் வாரிசுகள் பிற்காலத்தில் அவற்றையும் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது படத்தின் இருபுறமும் காவல்போல அவை நிற்கின்றன. வந்து சேர்ந்தபோது உள்ளே என்னவெல்லாம் இருந்தன தெரியுமா? ஒரு சுருட்டுத் துண்டு, காகித விமானம், இளஞ்சிவப்பு ரிப்பன், டென்னிஸ் பந்து, பூப்பந்து இறகுகள், நாணயங்கள், சட்டைக் காலர், காய்ந்துபோன ஒரு டோநட், பூகோளப் பாடம் எழுதிய தாள்கள்! அமெரிக்காவில் மதுவிலக்கு நீக்கப்பட்டது பற்றிய ஒரு கடிதமும் இருந்தது. அது நடந்தது 1933-இல். ஆகவே படம் வரைந்து 50 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வீட்டில் யாரோ கையில் கிடைத்ததை ஜாடிக்குள் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பூகோள நோட்டை ஜாடிக்குள் போட்ட பிள்ளை யாராக இருந்தாலும், அதன் காரணம் நம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது.

வரைந்தவரும் அப்படித்தான்

சார்ஜென்ட் அமெரிக்கர் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் அவர் பிறந்தது 1856-இல் இத்தாலியில், ஃபிளாரன்ஸ் நகரில். தந்தை அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் மருத்துவராக இருந்தவர். முதல் குழந்தையைப் பறிகொடுத்தபின், மனைவியின் உடல்நிலை தேறட்டும் என்று ஐரோப்பாவுக்கு அழைத்து வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தது. திரும்பவில்லை. (இந்த வாக்கியத்தைப் படிக்கும்போது நம் சங்கத்து மூத்த உறுப்பினர்கள் பலர் சிரித்துக்கொள்வார்கள். "மூன்று வருஷம் இருந்துட்டு ஊருக்குப் போயிடலாம்" என்றுதானே எல்லாரும் ரயிலேறினோம்!)

வெயிலுக்கு ஓர் ஊர், குளிருக்கு ஓர் ஊர் என்று அந்தக் குடும்பம் சுற்றிக்கொண்டே இருந்தது. பையனுக்கு ஒழுங்கான பள்ளிப் படிப்புக் கிடைக்கவில்லை. பதிலுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன் என்று நான்கு மொழிகள் வந்தன. பியானோ வந்தது. எங்கு போனாலும் நோட்டும் பென்சிலுமாகப் படம் போடும் பழக்கம் வந்தது. தன் நாடு என்று சொல்லப்பட்ட அமெரிக்காவை அவர் முதன்முதலில் கண்ணால் பார்த்தது 1876-இல், 20 வயதில்.

பாய்ட் பிள்ளைகளை வரைந்தபோது அவருக்கு வயது 26. பாய்ட்டும் ஓவியர் என்பதால் இருவருக்கும் நட்பு. அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. 1909-இல் நியூயார்க்கில் இருவரும் சேர்ந்து நீர்வண்ண ஓவியக் கண்காட்சி ஒன்றுகூட நடத்தினார்கள். ஆகவே அந்த வீட்டுக்குள் நுழைந்தவர் வெறும் கூலிக்கு வரைபவராக வரவில்லை. அந்தக் கூடம் எப்படிப்பட்டது என்று உள்ளிருந்து தெரிந்தவராக வந்தார். வெளியே ஒரு மொழி, வீட்டுக்குள் ஒரு மொழி. ஊர் மாறும்போதெல்லாம் சிநேகிதர்கள் போய்விடுவார்கள், கூடவே இருப்பது உடன்பிறந்தவர்களும் சில சாமான்களும்தான். அப்படி வளர்கிற பிள்ளைகளுக்குள் இருக்கிற ஒரு நெருக்கமும், அதே சமயம் ஒவ்வொருவருக்கும் இருக்கிற தனிமையும் அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதை அவர் எங்கும் எழுதி வைத்ததாகச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து எனக்குத் தோன்றுவது இது.

வெற்றிடமா?

படம் 1882 டிசம்பரில் பாரிஸில் முதலில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மறு ஆண்டு, ‘சலோன்’ என்ற பெரிய கண்காட்சியிலும் இடம்பெற்றது. அப்போது அதன் பெயர் ‘குழந்தைகளின் உருவப்படங்கள்’ என்பதுதான். தந்தை பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பார்த்தவர்களில் பலருக்கு அது விளங்கவில்லை. தூரிகை வேலையைப் பாராட்டினார்கள், அமைப்பைக் குறை சொன்னார்கள். நான்கு மூலையும் நடுவில் ஒரு வெற்றிடமும்தான் இருக்கிறது என்று ஒருவர் கேலி செய்தார். கேலியாகச் சொன்னாலும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நடுவில் வெற்றிடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் ஒரு சோபாவைப் போட்டு நால்வரையும் உட்கார்த்தி வைத்திருந்தால் இந்தப் படத்தை இன்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? இசையில் சங்கதிக்கும் சங்கதிக்கும் நடுவே விடுகிற மௌனம் போன்றது அது. மேரி லூயிசாவுக்கும் அக்காக்களுக்கும் நடுவே எத்தனை அடி தூரம் என்பதைத் தரைதான் சொல்கிறது.

நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1887-இல் சார்ஜென்ட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரும் ஐரோப்பாவில் வாழ்ந்த அமெரிக்கர், பாய்ட் குடும்பத்துக்கும் நண்பர். அவர் இந்தப் படத்தில் கண்டது, இனிய குழந்தைகளின் மகிழ்ச்சியான விளையாட்டு உலகம். நம் காலத்தில் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் காண்பது தனிமை, இருட்டு, ஒரு மெல்லிய அச்சம். யார் சொல்வது சரி? ஜேம்ஸ் அந்தப் பிள்ளைகளை நேரில் தெரிந்தவர் என்பதை மறக்கக்கூடாது. ஜாடிக்குள் காகித விமானம் விடுகிற வீட்டைச் சோக வீடு என்று நான் சொல்ல மாட்டேன். விளையாட்டு நடுவில் நின்ற ஒரு நிமிஷம் என்றுதான் எனக்குப் படுகிறது. இதே ஓவியர் 1887-இல் பிள்ளைகளின் தாயை வரைந்திருக்கிறார். அதில் அந்த அம்மாள் கலகலப்பான, சிரித்த முகத்தோடு இருக்கிறார்.

இன்னொன்றும் சொல்வார்கள். நான்கு பெண்களும் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே ஓவியர் அவர்கள் எதிர்காலத்தை முன்கூட்டியே கண்டு இருட்டில் நிறுத்தினார் என்று ஒரு பேச்சு. நான் இதை ஏற்பதில்லை. 26 வயது இளைஞருக்கு ஜோசியம் தெரிந்திருக்க நியாயமில்லை. தவிர, திருமணம் இல்லை என்றால் வாழ்க்கை இருண்டது என்று யார் சொன்னது? இருட்டில் முகம் மறைத்து நிற்கும் ஃபிளாரன்ஸ், பின்னாளில் பிரான்ஸிலிருந்து கோல்ஃப் மட்டைகளோடு அமெரிக்கா வந்து இறங்கி, 1892-இல் பாஸ்டன் பக்கத்து உறவினர்களுக்கு அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார். அந்த வட்டாரத்தில் கோல்ஃப் வேரூன்றிய கதையில் அவருக்கு இடம் உண்டு. ஜூலியா நீர்வண்ண ஓவியம் வரைபவர் ஆனார். ஜேன் நெடுங்காலம் நோயோடு போராடினார் என்பதும் உண்மைதான். நான்கு பேர் வாழ்க்கை நான்கு விதமாகத்தான் போகும், ஒரு படத்துக்குள் அடங்காது.

தாய் 1894-இல் காலமானார், தந்தை 1915-இல். 1919-இல் நான்கு சகோதரிகளும் சேர்ந்து, தந்தையின் நினைவாக இந்தப் படத்தைப் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். விற்றிருந்தால் பெரும் தொகை கிடைத்திருக்கும். ஊர் ஊராகச் சுற்றிய படத்துக்குக் கடைசியில் ஒரு நிலையான முகவரி, அதுவும் அப்பாவின் ஊரிலேயே.

பிள்ளைகளோடு பார்க்கும்போது

வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டும்போது முதலில் எந்தக் கதையும் சொல்லாமல் ஐந்து நிமிஷம் சும்மா பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிஷம் நீண்ட நேரம். முதல் நிமிஷத்தில் கிசுகிசுப்பு, சிரிப்பு, பொம்மையைப் பற்றிப் பேச்சு. மூன்றாவது நிமிஷத்துக்குப் பிறகுதான் நல்ல கேள்விகள் வந்தன. "டீச்சர், இந்தப் பொண்ணு மட்டும் ஏன் தள்ளி நிக்கறா?" "அவ பின்னாடி கையில ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்காளா?" "அந்தக் கதவுக்கு உள்ள என்ன இருக்கு?" ஒரு பையன், அவன் அப்பாவுக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, எல்லாரும் பேசி முடித்தபிறகு மெதுவாகச் சொன்னான்: "சாமான் எல்லாம் இன்னும் பிரிக்கலை போல டீச்சர். புது வீட்டுக்குப் போனா முதல்ல இப்படித்தான் இருக்கும். ஓடலாம், ஆனா யார்கூட ஓடறதுன்னு தெரியாது."

கலை விமரிசகர்கள் வெற்றிடம் என்றதை அவன் வேறு மாதிரி பார்த்துவிட்டான்.

வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ படம் கிடைக்கும். சின்னத் திரையில் காட்டாமல், முடிந்தால் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளையின் கண் மட்டத்துக்கு ஒட்ட வேண்டும், நம் கண் மட்டத்துக்கு வேண்டாம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். யார் நம்மைப் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்று கேளுங்கள். படத்தின் விளிம்பில் எது வெட்டுப்பட்டிருக்கிறது, அதற்கு அப்பால் என்ன இருக்கும் என்று கேளுங்கள். மேரி லூயிசாவை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், படம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பதில் தவறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் அது நாள் முழுக்கக் கிடைக்கிறது.

தமிழில் பேச வைப்பதற்கும் இது நல்ல வழி. ‘விளிம்பு’, ‘நிழல்’, ‘சாய்ந்து’, ‘மங்கலாக’, ‘உற்றுப் பார்த்தால்’ என்ற சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தால் ஒட்டாது. ஒரு படத்தின் முன் நிறுத்தி, இவை இல்லாமல் பேச முடியாது என்ற நிலை வந்தால் தானாக வாயில் வரும். இந்தியில் தொடங்குகிற வாக்கியம் தமிழில் முடிந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். அவரவர் வீட்டுக்குள் ஓர் இடத்தை வரைய வேண்டும். வீட்டில் உள்ள எல்லாரும் அதில் இருக்க வேண்டும், ஆனால் வரிசையாக நிற்கக் கூடாது. ஊரிலிருந்து வந்த பொருள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். 17 படங்கள் வந்தன. மூன்றில் ஊஞ்சல் பலகை, இரண்டில் தையல் மிஷின், ஒன்றில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி. ஆறேழு படங்களில் கிரைண்டர்! கல் கிரைண்டரை ஊரிலிருந்து கொண்டுவந்த கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்போலும். புதிதாக வந்த அந்தப் பையன், மூட்டை பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டியை வரைந்து அதன்மேல் தன் தங்கையை உட்கார்த்தியிருந்தான். அப்பா அம்மா எங்கே என்று கேட்டேன். வலப்பக்க ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு கதவைக் காட்டினான்.

படங்கள் சங்க நூலகத்தின் பின்சுவரில், பிள்ளைகளின் கண் மட்டத்தில், இந்த மாதம் முழுக்க இருக்கும். பெரியவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.